சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது? குமரி மாவட்டப் பெயர்களும் உலகின் குடும்பப்பெயர்களும்

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வந்த ஓர் அறிவிப்பு, தலைமுறை தலைமுறையாக வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிவரும் கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களைத் திகைக்க வைத்தது. பாஸ்போர்ட்டில் இடுபெயர்க் கட்டம், குடும்பப்பெயர்க் கட்டம் ஆகிய இரண்டில் ஒன்றில் மட்டும் ஒரே ஒரு சொல் இருந்து மற்றது வெறுமையாகக் கிடந்தால், வருகை விசாவிலும் சுற்றுலா விசாவிலும் வருபவரை நாட்டுக்குள் விடமாட்டோம் என்பது அதன் சாரம். சில நாள்களுக்குள், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. ஆனாலும் அதையொட்டி எழுந்த கேள்வி இன்றும் இ-சேவை மையங்களிலும் டிராவல்ஸ் கடைகளிலும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. நமக்குச் சர்நேம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அது இனிஷியலா, அப்பா பேரா, வீட்டுப்பேரா, சாதிப்பட்டமா?

குடும்பப்பெயர் என்பது எல்லா மனிதருக்கும் இயல்பாக வாய்த்த ஒன்று என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. பெரும்பாலான நாடுகளில் அது வரிக்கும் படைக்கும் ஆள் கணக்கெடுக்க அரசுகள் வற்புறுத்தி நிலைநாட்டிய ஏற்பாடு. குமரி மாவட்டத்தில் அந்த ஏற்பாடு வேர்விடவில்லை. அதனால், பிற நாடுகளில் குடும்பப்பெயருக்குள் உறைந்துகிடக்கும் ஊரும் தொழிலும் மதமும் கடல்கடந்த உறவும் இங்கே இடுபெயரிலேயே தங்கிவிட்டன. இதைப் புரிந்துகொண்டால், அந்தக் கட்டத்தில் எதை எழுதலாம், எழுதினால் பின்னால் என்ன நேரும் என்பது தெளிவாகும்.

முதலில் சில சொற்கள்

1. இடுபெயர்: குழந்தைக்கு என்று தேர்ந்து இடப்படும் பெயர். கிறிஸ்தவர்களிடம் இதுவே பெரும்பாலும் ஞானஸ்நானப் பெயர்.

2. குடும்பப்பெயர்: தந்தையிடமிருந்து (சில சமூகங்களில் தாயிடமிருந்து) பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பேரப்பிள்ளைக்கும் மாறாமல் இறங்கும் பெயர். மாறாமல் இறங்குவதே இதன் இலக்கணம். பாஸ்போர்ட்டு விண்ணப்பம் சர்நேம் என்று கேட்பது இதைத்தான்.

3. தந்தைப்பெயர்: ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுவது. நம்முடைய இனிஷியல் இந்த வகையைச் சேர்ந்தது.

4. விளிப்பேர்: வீட்டிலும் ஊரிலும் கூப்பிடும் பெயர். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் விளிப்பது வேறொரு பெயருமாக வாழ்ந்து முடித்தவர்கள் குமரியில் ஏராளம். இறப்புச் செய்திச் சுவரொட்டியில்தான் பலருடைய உண்மைப் பெயர் அண்டை வீட்டாருக்கே தெரியவரும்.

5. பட்டம்: சாதியையோ அரசு தந்த சிறப்பையோ காட்டும் பின்னொட்டு.

இவற்றில் இரண்டாவது மட்டும் நம்மிடம் இல்லை. மற்ற நான்கும் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் அந்த இல்லாத ஒன்றுக்குத்தான் கட்டம் இருக்கிறது.

தமிழ்ப் பெயரின் எலும்புக்கூடு

சங்கப் புலவர் ஒருவரின் பெயர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், தந்தை, தன் பெயர் என்ற வரிசை இதில் அப்படியே நிற்கிறது. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் பெயரை விரித்தால் நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன். ஊர், தந்தை, தன் பெயர் என்ற அதே வரிசை. இடையில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் சட்டகம் மாறவில்லை. ஆங்கில எழுத்தால் சுருக்கும் வழக்கம் மட்டுமே புதிது.

மேற்கே சில மைல் தள்ளிப் போனால் முதல் எழுத்தின் பொருள் மாறிவிடும். கேரள முதலமைச்சராயிருந்த வி.எஸ். அச்சுதானந்தன் பெயரில் வி என்பது வேலிக்ககத்து என்ற வீட்டுப்பெயர், எஸ் என்பது தந்தை சங்கரன். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் இந்த வீட்டுப்பேர் வழக்கம் நம்மிடமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியின் கீழ் இருந்தது. சொத்து தாய்வழியில் வீட்டோடு நின்ற சமூகங்கள் வாழ்ந்த நாடு அது. தந்தை யார் என்பதைவிட எந்த வீடு என்பது ஆவணத்தில் முந்தி நிற்பதற்கு அங்கே காரணம் இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம்கூட மருமக்கள்வழி, அதாவது சகோதரியின் பிள்ளைக்குச் சொத்து சேரும் முறை, 1926இல் சட்டம் வரும்வரை நீடித்தது.

பேரன் என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். பெயரன் என்பதன் மரூஉ அது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை இடும் வழக்கம் கிரேக்கர்களிடமும் உண்டு. ஆனால் உறவுமுறைச் சொல்லே பெயரிலிருந்து பிறந்திருப்பது தமிழின் சிறப்பு. ஓர் எடுத்துக்காட்டாகத் தாணுவின் மகன் சிதம்பரம், சிதம்பரத்தின் மகன் மீண்டும் தாணு என்று வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறை சி. தாணு, இரண்டாவது தா. சிதம்பரம், மூன்றாவது மறுபடியும் சி. தாணு. இரண்டே பெயர்கள் இடம் மாறி மாறி ஒரு குடும்பத்தை நூறாண்டு அடையாளம் காட்டிவிடும். குடும்பப்பெயர் செய்யும் வேலையைத் தமிழ்க் குடும்பங்கள் இப்படித்தான் செய்துவந்தன. இன்று குழந்தைக்குப் புதிதாக, யாரிடமும் இல்லாததாகப் பெயர் தேடும்போது இந்தச் சங்கிலிதான் அறுபடுகிறது.

தொல்காப்பியர் வகுத்த வகையில் உலகப் பெயர்கள்

தொல்காப்பியத்தின் பெயரியல், உயர்திணைப் பெயர்களை நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர், உடைப்பெயர், பண்புகொள் பெயர், முறைநிலைப் பெயர் என்று அடுக்கிச் செல்கிறது. குடும்பப்பெயர் வழக்கத்தைக் கருதி எழுதப்பட்டதன்று என்றாலும், உலகத்துக் குடும்பப்பெயர்களை இந்தப் பெட்டிகளுக்குள் போட்டுப் பார்த்தால் பெரும்பாலானவை வழுவாமல் அமைகின்றன.

1. நிலப்பெயர். போர்த்துகீசியரின் கோஸ்தா என்பது கடற்கரை, சில்வா என்பது காடு. ஜப்பானியரின் தனாக்கா வயலின் நடு, யமமோத்தோ மலையடிவாரம். ஆங்கிலேயரின் மில்டன், வெலிங்டன் எல்லாம் ஊர்ப்பெயர்கள்.

2. வினைப்பெயர். ஆங்கிலத்தில் ஸ்மித், ஜெர்மனில் ஷ்மித், ஹங்கேரியில் கோவாச், அரபியில் ஹத்தாத், இத்தாலியில் ஃபெரேரோ. ஐந்துக்கும் பொருள் ஒன்று, கொல்லன். குறுந்தொகையில் மதுரைப் பெருங்கொல்லன் என்றொரு புலவர் இருக்கிறார். தொழில் அவரோடு நின்றது. அவர் பேரன் வேறு தொழில் செய்திருந்தால் பெருங்கொல்லன் என்று யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். ஐரோப்பாவிலோ உலைக்களத்தை விட்டு நானூறு ஆண்டு ஆன பிறகும் ஸ்மித் ஸ்மித்தாகவே இருக்கிறார். பெயர் உறைந்துபோவது என்றால் இதுதான்.

3. பண்புகொள் பெயர். ஜெர்மனின் க்ளைன் சிறியவர், இத்தாலியின் ரோசி செந்நிறத்தார். ரஷ்யரின் நெக்ராசொவ் 'அழகில்லாதவன்' என்ற பொருளுள்ள பெயரிலிருந்து வந்தது. கண்ணேறு படாமலிருக்கக் குழந்தைக்கு இட்ட பெயர் அது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த குழந்தைக்குப் பிச்சை, குப்பை என்று இடுவது நம் பக்கத்திலும் இருந்த வழக்கம்தான். ஒரே அச்சம், ஒரே மருந்து.

4. முறைநிலைப் பெயர். இன்னார் மகன் என்று சொல்லும் பெயர்கள். ஆங்கிலத்தில் சன், ஸ்பானியத்தில் எஸ், ஸ்காட்லாந்தில் மெக், அரபியில் இப்னு, ஆர்மீனியத்தில் யான். இவற்றில் ஐஸ்லாந்து தனித்து நிற்கிறது. அங்கே மகனுக்குத் தந்தை பெயரோடு சோன், மகளுக்கு டோட்டிர் சேர்ப்பார்கள். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். தொலைபேசிப் புத்தகத்தையே இடுபெயர் வரிசையில் அச்சிட்ட நாடு அது. எத்தியோப்பியரும் தன் பெயருக்குப் பின் தந்தை பெயரையே எழுதுகிறார்கள். மியான்மரில் தந்தை பெயர்கூடக் கிடையாது. இந்தோனேசியாவின் முதல் இரண்டு குடியரசுத் தலைவர்களான சுகர்ணோவும் சுகர்த்தோவும் ஒற்றைப் பெயர்க்காரர்கள். குமரிக்காரருக்கு நெருங்கிய உறவு இந்த வரிசையில்தான்.

குடும்பப்பெயர் எப்படிக் கட்டாயமாயிற்று

சீனாவில் குடும்பப்பெயர் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மூத்தது. கொரியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கிம். இந்த இரு நாடுகளிலும், ஜப்பானிலும் ஹங்கேரியிலும் குடும்பப்பெயர் முன்னால் வரும். எனவே கடைசிப் பெயரே குடும்பப்பெயர் என்ற விதி உலகப் பொதுவன்று.

மற்ற பல நாடுகளில் நாள் குறித்துச் சொல்லும்படி அரசாணையாகவே அது வந்தது. 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் தம் ஆட்சிக்குட்பட்ட யூதர்கள் ஜெர்மன் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். 1811இல் நெப்போலியன் ஆட்சி நெதர்லாந்துக்காரரைப் பெயர் பதியச் சொன்னது. ஜப்பானில் பொதுமக்களுக்கு 1870இல் குடும்பப்பெயர் அனுமதிக்கப்பட்டு 1875இல் கட்டாயமாக்கப்பட்டது. துருக்கி 1934இல் குடும்பப்பெயர்ச் சட்டம் கொண்டுவந்தது. முஸ்தபா கெமாலுக்கு அதாதுர்க், அதாவது துருக்கியரின் தந்தை என்ற பெயர் அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் கிடைத்தது.

இவற்றுள் மிகத் தெளிவான பாடம் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. 1849இல் ஸ்பானிய ஆளுநர் நர்சிசோ கிளவேரியா, அகரவரிசையில் அமைந்த குடும்பப்பெயர்ப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு மாகாணங்களுக்கு அனுப்பினார். அந்தந்த ஊர் அதிகாரிக்குக் கிடைத்த தாளிலிருந்து ஊரார் தேர்ந்துகொள்ள வேண்டும். சில ஊர்களில் எல்லோருடைய குடும்பப்பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும் நிலை இதனால் வந்தது. ஸ்பானியப் பெயர் இருப்பதால் ஸ்பானிய இரத்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த ஊருக்குப் பட்டியலின் எந்தத் தாள் போய்ச் சேர்ந்தது என்பதையே பெயர் காட்டுகிறது.

நம் நாட்டில் பிரிட்டிஷ் அரசோ திருவிதாங்கூர் அரசோ இப்படியொரு ஆணை பிறப்பிக்கவில்லை. சாதியும் ஊரும் தந்தை பெயரும் ஆளை அடையாளம் காணப் போதுமாயிருந்தன. கட்டாயம் வந்தது விமான நிலையத்தின் வழியாக, மிகப் பிந்தி.

குமரியின் இடுபெயர்களுக்குள் இருப்பவை

குமரிப் பெயர்களைக் கேட்டால் பெரும்பாலும் எந்தப் பகுதி, எந்தக் கோயில், எந்த நூற்றாண்டின் வரவு என்று சொல்லிவிடலாம்.

நாஞ்சில் நாட்டின் அடையாளப் பெயர் தாணு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் மூலவர் பெயர் மூன்று சொற்களால் ஆனது: தாணு சிவன், மால் திருமால், அயன் பிரமன். ஸ்தாணு என்றால் அசையாது நிற்கும் தூண். சிவதாணு, தாணுலிங்கம், தாணப்பன், தாணம்மாள் என்று அந்தத் தூணிலிருந்து கிளைத்த பெயர்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒன்று இருந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தந்தை பெயர் சிவதாணு. கன்னியாகுமரி பகவதியிடமிருந்து பகவதியப்பனும் பகவதிப்பெருமாளும் வந்தார்கள். நாகர்கோவில் நாகராஜா கோயிலிலிருந்து நாகராஜனும் நாகம்மாளும். யட்சி என்பதன் தமிழ் வடிவமான இசக்கி, இசக்கிமுத்துவாகவும் இசக்கியம்மாளாகவும் நெல்லை எல்லை தாண்டியும் பரவியது. அரச குடும்பத்திலோ பிறந்த நாள்மீனே பெயராயிற்று: சுவாதித் திருநாள், மூலம் திருநாள், சித்திரைத் திருநாள்.

கடற்கரையின் கதை 1540களில் தொடங்குகிறது. 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் புனித சவேரியார், இக்கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகவும், ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கொடுத்ததாகவும் சொல்கிறார். கையில் எழுதித் தரப்பட்ட பெயர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தறியாத மீனவருக்கு முதன்முதலாகக் கிடைத்த அடையாள அட்டை என்றே நான் அதைக் கருதுகிறேன்.

அந்த வழியில் வந்தவை அந்தோணி, மிக்கேல், சூசை. சூசை என்பது யோசேப்பின் போர்த்துகீசிய வடிவமான ஜோசே, நம் நாவில் அடைந்த உருவம். மிக்கேல் எபிரேயத்தில் ஒரு கேள்வி: 'கடவுளுக்கு நிகர் யார்?' வேறு சில பெயர்கள் ஒலியால் வராமல் பொருளால் வந்தன. லத்தீனில் பவுல் என்றால் சிறியவர். ஆகவே அவர் சின்னப்பர். யோவான் என்றால் கடவுள் அருளுடையவர். ஆகவே அவர் அருளப்பர். மாதாவின் பட்டங்கள் பெண்களின் பெயர்களாயின. ஸ்பெயினில் ஒரு பெண்ணுக்கு டொலோரஸ் என்று பெயரிடுவதும் குமரிக் கரையில் வியாகுலம் என்று பெயரிடுவதும் ஒன்றுதான். இரண்டும் துயருற்ற மாதாவைக் குறிக்கும். அங்கே சொகோரோ, இங்கே சகாயம். அங்கே கொன்செப்சியோன், இங்கே அமலோற்பவம். இரு கடற்கரைகளில் ஒரே பக்தி இரு மொழிகளில் பெயர் சூடியது.

பொருளால் மொழிபெயர்ந்த பெயர்களில் உலகறிந்தது தேவசகாயம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது இட்ட பெயர் லாசர். 'கடவுள் உதவினார்' என்ற பொருளுடைய எபிரேயப் பெயர் அது. தேவசகாயம் அதன் நேர்த்தமிழ். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, முன்பு பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் விடப்பட்டே பெயர் வாசிக்கப்பட்டது.

சீர்திருத்தத் திருச்சபைகளின் வரவு 1806இல். மயிலாடிக்கு வந்த மிஷனரியின் குடும்பப்பெயர் ரிங்கல்தௌபே. ஜெர்மனில் கழுத்தில் வளையமுள்ள ஒரு காட்டுப்புறாவின் பெயர் அது. அவரை அழைத்துவந்த மயிலாடிக்காரர் மகாராசன், திருமுழுக்கில் வேதமாணிக்கம் ஆனார். அந்த மரபில் ஞானதாஸ், சத்தியநேசன், நேசமணி, ஏசுவடியான் என்று தமிழும் வடமொழியும் கலந்த ஒரு பெயர்க்கூட்டமே உருவானது. ஏசுவடியானை அரபிக்காரரிடம் விளக்க வேண்டுமானால் எளிது. அப்துல்லா என்றாலும் கடவுளின் அடியான் என்றே பொருள். எபிரேயத்தில் ஒபதியா, ஜெர்மனில் கோட்ஷால்க், நம்மிடம் சிவனடியான். தக்கலை, தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் வழங்கும் பீர் முகமது என்ற பெயரில் பீர் என்பது பாரசீகம். முதியவர், ஞானவழிகாட்டி என்பது பொருள். மைதீன் என்பது முகைதீன் என்ற அரபுப் பெயரின் தமிழ்ச் சுருக்கம்.

ஒரே ஒருவரின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் இந்த அடுக்குகள் கண்ணுக்குத் தெரியும். 1957இல் குளச்சல் தொகுதியில் வென்று காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்றவர் லூர்தம்மாள் சைமன். லூர்து என்பது மாதா காட்சியளித்ததாக நம்பப்படும் பிரெஞ்சு நாட்டு ஊர். அம்மாள் தமிழ் மதிப்பொட்டு. சைமன் அவர் கணவரின் பெயர். 'கேட்டருளினார்' என்பது அதன் எபிரேயப் பொருள். மூன்று மொழிகள் ஒரு பெயரில் இருக்கின்றன. ஆனால் குடும்பப்பெயர் எதுவும் அதில் இல்லை. சைமன் என்பதும் கணவரின் இடுபெயர்தான்.

வில்சனும் கிளாட்ஸ்டனும்

குமரி மாவட்டத்தில் நடந்த ஒரு மாற்றம் உலகின் பெயராய்வுக்கே சுவையானது. ஆங்கிலேயரின் குடும்பப்பெயர்கள் இங்கே இடுபெயர்களாயின. வில்சன், நெல்சன், ஜான்சன், டிக்சன், ஹாரிசன், லிவிங்ஸ்டன், கிளாட்ஸ்டன் என்ற பெயர்களை மார்த்தாண்டத்துப் பள்ளி ஒன்றின் வருகைப் பதிவேட்டில் காண்பது எளிது. வில்சன் என்றால் வில்லின் மகன். டிக்சன் என்றால் ரிச்சர்டைச் செல்லமாக அழைக்கும் டிக்கின் மகன். கிளாட்ஸ்டன் பழைய ஸ்காட்லாந்து ஊர்ப்பெயர்; பருந்துப் பாறை என்று பொருள். தந்தை பெயரையும் ஊரையும் காட்ட எழுந்த சொற்கள், அந்தப் பொருளை உதிர்த்துவிட்டு, நல்ல ஓசையுள்ள கிறிஸ்தவப் பெயர்களாக நம் ஊரில் குடியேறின.

இவற்றுள் மிக ஆழமாகப் பதிந்தது சேவியர். அது இடுபெயரே அன்று. பிரான்சிஸ் என்ற துறவி, அதாவது மேலே சொன்ன புனித சவேரியார், பிறந்த கோட்டையின் பெயர். இன்றைய வட ஸ்பெயினில், பைரனீஸ் மலையடியிலுள்ள நவார்ரா நாட்டில் அது இருக்கிறது. பாஸ்க் மொழியில் எச்செ பெர்ரி என்ற தொடரின் மரூஉ. எச்செ வீடு, பெர்ரி புதியது. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் புத்தன்வீடு என்பது மிகப் பழகிய வீட்டுப்பேர். ஆக, புத்தன்வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சேவியர் என்று பெயரிட்டால், பாஸ்க் மொழியில் ஒருமுறையும் குமரித் தமிழில் ஒருமுறையும் ஒரே சொல்லை அவன் சுமக்கிறான். பெயரிட்ட பெரியவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் புதிதாக வீடு கட்டிப் பிரிந்தவனை ஊர் எப்படி அழைக்கும் என்பது பைரனீஸ் மலையடியிலும் நம் மேற்கு மலையடியிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

பட்டத்தை ஏன் அந்தக் கட்டத்தில் எழுதவில்லை

மேற்கு வட்டங்களின் வீட்டுப்பேரை விட்டுவிட்டு, தலைமுறை தோறும் மாறாமல் இறங்கியது என்று பார்த்தால் நம்மிடம் சாதிப்பட்டம் மட்டும் அந்த வேலையைச் செய்தது. வட இந்தியாவின் பல குடும்பப்பெயர்கள் அப்படி வந்தவைதான். தமிழ்நாட்டில் அது நடக்காமல் போனதற்குக் காரணம் மறதியன்று, முடிவு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப்பட்டத்தை விடும்படி தீர்மானித்தது. குமரி அப்போது வேறு அரசின் கீழ் இருந்ததால் இங்கே பட்டம் சற்றுப் பிந்தித்தான் உதிர்ந்தது. பழைய பத்திரங்களில் இன்றும் அதைக் காணலாம்.

பெயரும் அதிகாரமும் மோதிய இடமாகவும் இந்த மண் இருந்திருக்கிறது. 1809இல் இன்றைய சாமித்தோப்பில் பிறந்த அய்யா வைகுண்டருக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள் என்றும், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த குழந்தைக்கு முடியைச் சொல்லும் பெயரா என்று மேல்சாதியினர் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற நேர்ந்தது என்றும் அவர் வழிவந்தோர் மரபு சொல்கிறது. குழந்தையின் பெயரையே சகிக்காத ஒரு காலம் அது. ஒரு நூற்றாண்டு கழித்து 1907இல் பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவருக்குக் குலதெய்வத்தின் பெயரால் சொரிமுத்து என்று இட்டார்கள். அவர் ஜீவானந்தம் ஆனார். தனித்தமிழ்ப் பற்றால் சில காலம் உயிரின்பன் என்று மாற்றிக்கொண்டார். மீண்டும் ஜீவானந்தமே நிலைத்தது. முன்னவருக்கு இல்லாதிருந்த உரிமை பின்னவருக்குக் கிடைத்தது.

இந்த வரலாற்றை அறிந்தவர், விமான நிலைய வசதிக்காகப் பட்டத்தைத் திரும்ப எடுத்து ஒட்டிக்கொள்வதை எளிதாக ஏற்கமாட்டார். என் கருத்தும் அதுவே. வெறுமையாகக் கிடக்கும் ஒரு கட்டத்துக்காகப் பெரியவர்கள் மானத்தோடு கழற்றி வைத்ததை மறுபடி மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. வேறு வழி இருக்கிறது.

கட்டத்தை நிரப்பும்போது நடப்பவை

பாஸ்போர்ட்டின் அடியில் எந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்கு ஒதுக்கியது 39. அதில் குடும்பப்பெயர் முதலில், பின் இரட்டை அம்புக்குறி, பின் இடுபெயர். எந்திரத்துக்குத் தெரிந்தது அம்புக்குறிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பது மட்டுமே. நீண்ட பெயர் வெட்டுப்படலாம். இதை நினைவில் வைத்து, பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட விதி இடம் தருகிறது. இடுபெயர்க் கட்டத்தை விட முடியாது. இனிஷியல் ஏற்கப்படாது, விரித்தே எழுத வேண்டும்.

2. வெறுமையாக விட்டவருக்கு அமெரிக்க விசாவில் அவருடைய இடுபெயர் குடும்பப்பெயர் இடத்துக்கு நகர்ந்து, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து ஏறும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பின்னர் அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் வரை அதுவே தொடர்ந்து, அந்த மூன்றெழுத்தையே பெயராகக் கொண்டு மக்கள் அழைக்கப்பட்டிருக்கிறார்கள்.

3. தமிழருக்குப் பொருந்தும் வழி தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதுவது. வெளிநாட்டில் நம்மை அப்பா பெயரால் அழைப்பார்கள் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அது அவமதிப்பன்று, அவர்கள் ஊர் முறை.

4. வீட்டுப்பேரைக் குடும்பப்பெயராக எழுதலாம். தலைமுறைக்குத் தலைமுறை மாறாதது என்பதால் இலக்கணப்படி அதுவே மிகப் பொருத்தமானதும்கூட. ஆனால் அது பள்ளிச் சான்றிதழிலும் இருந்தால் மட்டுமே பயன். முகவரியில் மட்டும் எழுதிவந்த வீட்டுப்பேரைப் பாஸ்போர்ட்டில் திடீரென்று சேர்த்தால் இரு ஆவணங்களும் பொருந்தாமல் போகும்.

5. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் விரித்த பெயர் ஒரே வரிசையில், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். தகரத்துக்கு ஆங்கிலத்தில் ஓரெழுத்தா ஈரெழுத்தா, ஞகரத்தை எந்த எழுத்தில் தொடங்குவது, ஜோசப்பின் கடைசி ஒலிக்கு எது என்பவற்றில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. முறையாகப் பெயர் மாற்ற வேண்டுமானால் தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடும் அரசிதழில், பேச்சுவழக்கில் கெசட்டில், அறிவிப்புச் செய்ய வேண்டும்.

6. பிறப்பைப் பெயரில்லாமல் பதிந்திருந்தால், பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் குழந்தையின் பெயரைச் சேர்க்கலாம். இரண்டு கட்டங்களையும் மனத்தில் வைத்துப் பெயர் எழுத வேண்டிய இடம் இதுதான். பிறகு எல்லாம் இதைப் பார்த்தே எழுதப்படும்.

மூன்றாவது வழியைத் தேர்ந்தவர்களுக்கு ஒரு சிக்கல் எஞ்சும். செல்லப்பன் மகன் வில்சன், வில்சனின் மனைவி தங்கமணி மகள் மேரி, அவர்கள் பிள்ளை ஜெனிபர் என்று கொண்டால், வில்சனின் குடும்பப்பெயர் செல்லப்பன், மேரியுடையது தங்கமணி, ஜெனிபருடையது வில்சன். ஒரே வீட்டில் மூன்று குடும்பப்பெயர்கள். குழந்தையோடு தனியாகப் பயணம் செய்யும் தாயை, இது உங்கள் பிள்ளைதானா என்று குடியேற்ற அதிகாரி கேட்பது இதனால்தான். குழந்தையின் பாஸ்போர்ட்டில் பெற்றோர் இருவர் பெயரும் இருக்கும் பக்கத்தைக் காட்டினால் பெரும்பாலும் போதும். அதோடு ஆங்கிலத்திலும் அச்சிட்ட பிறப்புச் சான்றிதழின் மூலப்படி ஒன்றைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும், பெட்டிக்குள் வைத்து லக்கேஜில் போட்டுவிடக் கூடாது.